அண்ணன் பெயர் கொண்டவன்

தபீதாவின் அண்ணன் அவளைவிட முப்பது வயது சின்னவன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, இமெர்சுவாக் என்கிற அந்தச் சின்னப் பனிக் கடற்கரை ஊரில் யாரும் சிரித்ததும் இல்லை. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் செவெரின் எண்பத்தேழாம் வருடம் அக்டோபரில் படகு கவிழ்ந்து செத்தான். அடுத்த ஜனவரியில் சித்தப்பா மகன் ஓட்டோவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தபீதா முழங்கால் வரை பனியில் புதையப் புதைய அந்த வீட்டுக்குப் போய், "எங்கண்ணன் வந்துட்டான், பேரை அவன்கிட்டயே குடுத்துடுங்க" என்றாள். கொடுத்துவிட்டார்கள்.

செத்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் செத்தவரே வந்துவிட்டதாகத்தான் கணக்கு. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஓட்டோவுக்கும் அகாத்தேவுக்கும் மகன், தபீதாவுக்கு அண்ணன். பேச்சு வந்ததும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான். அவள் அண்ணே என்றாள். நரைத்த தலையும் மூட்டுவலியுமாக இருக்கிற பெண்ணை ஒரு பொடியன் தங்கச்சி என்று அதட்டுவதை முப்பத்தைந்து வருடமாக ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படிப் பெயர் வாங்கிய பிள்ளையைத் திட்டக்கூடாது. திட்டினால் பெயர் மனம் நொந்து போய்விடும், பிள்ளை நோயில் படுக்கும். ஆறு வயதில் செவெரின் அவள் கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த திமிங்கலத் தோல் முழுவதையும் தின்று தீர்த்தான். அகாத்தே கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். தபீதா குறுக்கே நின்று, "அவன் வீட்டுச் சாப்பாட்டை அவன் சாப்பிட்டான், உனக்கென்ன?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயதில் அண்ணனுடைய துப்பாக்கியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் கேட்டு அவள் இல்லை என்றதே கிடையாது. கேட்காததையும் கொடுத்தாள்.

பழைய செவெரினைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது எதுவும் விளங்காது. அவர்கள் அப்பா ஒரு தீவில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தைச் சுற்றி இருந்த ஊரை, நம்மை ஆண்ட டேனிஷ்காரர்கள் எழுபத்திரண்டில் மூடினார்கள். ஆயிரம் பேர் இருந்த ஊர், பள்ளிக்கூடம், பாட்டுக்குழு, கால்பந்து எல்லாம் இருந்த ஊர். சனங்களைப் பிடித்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கு நான்காவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. இரண்டே வருடத்தில் குடித்துக் குடித்துச் செத்தார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தான் பிறந்த இமெர்சுவாக்குக்கு வந்து சேர்ந்தாள். அப்போது செவெரினுக்குப் பதினெட்டு, தபீதாவுக்குப் பதினாறு.

செவெரின் கோபன்ஹேகனுக்குப் படிக்கப் போனான். போனவன் படித்ததைவிடப் பேசியதுதான் அதிகம். நம் பிள்ளைகள் பத்திருபது பேர் ஒரு அறையில் கூடி, சுவரில் தாடிக்காரர்கள் படத்தை ஒட்டி, விடிய விடியச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் பிறந்ததுதான் கட்சி. சுயாட்சி தருகிறோம் என்று டென்மார்க் சொன்னபோது நாடே கை தட்டியது, இவர்கள் மட்டும் அது பாதி ரொட்டி என்றார்கள். மண்ணும் மண்ணுக்கு அடியில் இருப்பதும் எங்களுடையது, மீதியையும் எடுத்து வை என்றார்கள். சனங்கள் சிரித்தார்கள், முதல் தேர்தலில் ஒருத்தரும் ஜெயிக்கவில்லை. அப்புறம் ஐரோப்பியக் கூட்டமைப்பைவிட்டு வெளியேறும் பேச்சு வந்தது, மீன் யாருடையது என்கிற பேச்சு வந்தது, கட்சி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. ஆட்சியிலும் பங்கு கிடைத்தது. அமெரிக்கக்காரன் தன் படைத்தளத்தில் வைத்த ரேடார் விவகாரத்தில் அந்த ஆட்சி உடைந்தது.

செவெரின் ஊர் ஊராகப் படகில் போய்ப் பேசுவான். எங்கே போனாலும் பேச்சு ஒன்றுதான். இனி ஒரு ஊரையும் மூடவிட மாட்டோம், மூன்று வீடு இருந்தாலும் அது ஊர்தான். அதை அவன் சொல்லும்போது அப்பா முகம் மாதிரியே இருக்கும் என்பாள் தபீதா. அப்படி ஒரு பேச்சுக்குப் போய்த் திரும்புகிற வழியில்தான் செத்தான். முப்பத்தொரு வயது.

புதிய செவெரின் வளர்ந்து தலைநகர் நூக்கில் நிர்வாகம் படித்தான், கட்சியில் சேர்ந்தான். சேராமல் எங்கே போவான்? விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான் என்று ஊர் சொல்லியது. நகராட்சித் தேர்தலில் அவன் நின்றபோது இமெர்சுவாக்கில் இருபத்தொன்பது வாக்கு, இருபத்தேழு அவனுக்கு. அவன் என்ன சொல்கிறான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செவெரின் என்ன சொல்வான் என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே. ஒரு பெயரை நம்பி வாக்குப் போடுகிற புத்தி உலகத்தில் வேறு எங்கும் உண்டோ என்னவோ, நமக்கு உண்டு.

அந்தக் கட்சியும் இப்போது பழைய கட்சி இல்லை. கோட்டு போட்டுக்கொண்டது, நகராட்சியை ஆள்கிறது, வரவு செலவு பேசுகிறது. ஆகஸ்டு கடைசியில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இமெர்சுவாக்கின் எதிர்காலம் குறித்து ஊர்க்குழுவைச் சந்திக்க உறுப்பினர் செவெரின் வருகிறார் என்று இருந்தது. ஊர்க்குழு என்றால் மூன்று பேர். தலைவி தபீதா, மீன் பிடிக்கிற கெர்த், கடையைப் பார்த்துக்கொள்கிற நிக்கோலினா. "எதிர்காலமாம்" என்றான் கெர்த். "நமக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியுது."

வியாழக்கிழமை மதியம் செவெரின் வந்தான். பெற்றவர்கள் வீட்டுக்குப் போகும் முன் தபீதா வீட்டுக்குத்தான் வந்தான், எப்போதும் அப்படித்தான். அவள் சீல் இறைச்சியும் அரிசியும் போட்டுக் கஞ்சி வைத்திருந்தாள்.

"வாண்ணே. இளைச்சுட்டியே."

"எங்க இளைச்சேன்? பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கேன், வெளிப்பக்கம். நீதான் தங்கச்சி இளைச்சுட்டே."

"எனக்கு வயசாகுதுண்ணே. உனக்குத்தான் குறைஞ்சுகிட்டே போகுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் இரண்டு கிண்ணம் குடித்தான். அப்புறம் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகள், வாத்தியார் கிடைக்கவில்லை, இந்த வருடத்தோடு மூடுகிறார்கள். மின்சார எஞ்சின் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம், புதிது வாங்கப்போவதில்லை. அடுத்த கோடைக்குள் எல்லாருக்கும் நகரத்தில் வீடு.

"அப்ப ஊரை மூடறீங்க" என்றாள்.

"மூடறதுன்னு சொல்லாத. இடம் மாத்தறோம்."

"அப்பாவை அப்படித்தான் இடம் மாத்தினாங்க."

"அது டேனிஷ்காரன் பண்ணினது. இது நாம பண்றது." அவன் குரல் கூட்டத்தில் பேசுகிற குரலாக மாறியது. "கேளு தங்கச்சி. நமக்கு நாடு வேணும்னா சொந்தக் கால்ல நிக்கணும். பாதிச் செலவுக்கு டென்மார்க் கையைப் பாத்துகிட்டு இருக்கோம். முப்பது பேருக்கு ஒரு எஞ்சின், நாலு பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம்னு இருந்தா நூறு வருஷமானாலும் சுதந்திரம் வராது. இதெல்லாம் பண்ணினாத்தான் வரும். எனக்கு மட்டும் ஆசையா?"

"ஊரே இல்லாம நாடு எதுக்குண்ணே?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்குக் கூட்டத்துல ஊர்க்குழு சம்மதம்னு எழுதிக் குடுத்துடு. நிக்கோலினா சரின்னுட்டா, அவளுக்கு நகரத்துக் கடையில வேலை இருக்கு. கெர்த் நீ சொன்னா கேப்பான். மரியாதையா முடிஞ்சுரும். அண்ணனுக்காகப் பண்ணு."

அண்ணனுக்காக என்று அவன் கேட்டால் அவள் என்ன செய்வாள்? முப்பத்தைந்து வருடத்தில் வாய் ஒரு வழியாகவே பழகிவிட்டது. "பாக்கலாம்ணே" என்றாள். அவன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கரைக்குப் போனாள். கெர்த் ஹாலிபட் மீனை வகுந்துகொண்டிருந்தான். ராத்திரியே விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது, அது பரவ எவ்வளவு நேரம் ஆகும், பதினோரு வீடு.

"நீ என்ன சொல்லப்போற கெர்த்?"

"நான் என்னத்த சொல்ல. வேண்டாம்னுதான் இருந்தேன். நாய் ஒன்பது இருக்கு, நகரத்துல எங்க கட்டறது, மாடிப்படியிலயா?" கத்தியைத் துடைத்தான். "ஆனா செவெரினே மூடலாங்கறானே அக்கா."

"அதுக்கு?"

"அன்னிக்கு மூடக்கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தினவன் அவன்தானே. எங்கப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். இன்னிக்கு அவனே மூடலாங்கறான்னா யோசிச்சுத்தான் சொல்வான். செத்துப் போன இடத்துல எதையோ பாத்திருப்பான், மனசு மாறியிருக்கும். அவனைவிட நமக்கென்ன தெரியும்?"

அவன் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. வீடு வரும் வழியில் இரண்டு பேர் அதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். செவெரின் மனசு மாறிட்டானாம். செவெரின் அப்ப சொன்னது சின்ன வயசு வேகமாம்.

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த படத்தின் முன் நின்றாள். தலைமுடி தோள்வரை, கையில் சுருட்டிய காகிதம், வாய் திறந்தபடி பேசிக்கொண்டிருக்கும் அண்ணன். இனி அவன் பேசியது எதுவும் நிற்காது. இமெர்சுவாக்கை மூடியவன் செவெரின் என்றுதான் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். அப்படி ஆகாமல் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. வந்திருப்பவன் செவெரின் இல்லை என்று ஊர் நடுவில் சொல்ல வேண்டும். சொன்னால் ஊர் பிழைக்கலாம், அண்ணன் பேச்சும் பிழைக்கும். ஆனால் அண்ணன் திரும்பி வரவே இல்லை என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் அவனைத்தான் இழக்க வேண்டியிருந்தது. படுபாவி, ஏன்டா என் கையில் இதைக் கொடுத்தாய் என்று படத்தைப் பார்த்துத் திட்டினாள். செவெரினை அவள் திட்டியது அதுதான் முதல் தடவை.

கூட்டம் பொதுக் கட்டிடத்தில். ஊரே குளிக்கவும் துவைக்கவும் வருகிற இடம், நீண்ட மேஜை அங்கேதான் இருக்கிறது. வாஷிங் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அதை நிறுத்தவில்லை. நடக்க முடியாத இரண்டு பேரைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். காப்பி ஊற்றினார்கள், யாரோ கேக் கொண்டுவந்திருந்தார்கள். ஊரை மூடுகிற கூட்டமாக இருந்தால் என்ன, கேக் இல்லாமல் கூடினால் நமக்குக் கூடியது மாதிரி இருக்காதே.

செவெரின் நன்றாகப் பேசினான். எஞ்சின், பள்ளிக்கூடம், சொந்தக் கால் எல்லாம் வந்தது. பேசி முடித்ததும் யாரும் கேள்வி கேட்கவில்லை. நம்மவர்கள் கோபம் வந்தாலும் ஜன்னலைப் பார்ப்பார்கள், சம்மதம் என்றாலும் ஜன்னலைப் பார்ப்பார்கள், வெளியூர்க்காரனுக்கு ஒன்றும் புரியாது. அவன் வெளியூர்க்காரன் இல்லை, அவனுக்குப் புரிந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று கண்டுகொண்டான்.

"நீங்க நகராட்சியை நம்ப வேண்டாம்" என்றான். "என்னை நம்புங்க. இந்த ஊருக்காக உயிரை விட்டவன் நான். செவெரின் சொல்றேன், போகலாம்."

தபீதா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இவன் எங்கண்ணன் இல்ல" என்றாள்.

வாஷிங் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டோ பாதி எழுந்து, "தபீதாக்கா, வேண்டாம். பேரை எதுவும் சொல்லாத" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. அகாத்தே மகன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள், முப்பத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அங்கேயே காய்ச்சல் வந்துவிடும் என்பதுபோல.

"பேரை ஒண்ணும் சொல்லல. பேர் என் அண்ணனுது. அன்னிக்கு ஜனவரியில ஓட்டோவுக்கு ஒரு பிள்ளை பிறந்துச்சு, அவ்வளவுதான். எங்கண்ணன் வந்துட்டான்னு நான்தான் சொன்னேன். எனக்கு அவன் வேணும்ங்கறதால சொன்னேன். தப்பு என்னுது. இவன் நல்ல பையன்தான், படிச்ச பையன், நகராட்சி அனுப்பி வந்திருக்கான். நகராட்சிக்காரன்கிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க. எங்கண்ணன் கடலுக்குப் போனான், உயிரோட வரல. அவன் சொன்னது அவன் சொன்னதுதான், யாரும் அதை மாத்தல." காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "என் வாக்கு, சம்மதம் இல்ல."

கெர்த் அவளை நெடுநேரம் பார்த்தான். "அப்ப எனக்கும் சம்மதம் இல்ல" என்றான். நிக்கோலினா தலை குனிந்துகொண்டு சம்மதம் என்றாள். இரண்டுக்கு ஒன்று. தபீதா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாரும் கை தட்டவில்லை. ஜெயித்த பக்கமாக இருந்தும் ஒருத்தர்கூட அவள் அருகில் வரவில்லை, அகாத்தே மட்டும் போகிற போக்கில், "இதுக்கு அவனை அன்னிக்கே எங்க பிள்ளையாவே விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பழக்கத்தில் யாரோ அவளுக்கென்று ஊற்றி வைத்த காப்பி ஆறிக்கிடந்தது.

மூன்று மணிக்கு அவன் வந்தான். கதவருகிலேயே நின்றான், உள்ளே வந்து உட்காரவில்லை.

"அத்தை" என்றான்.

முறை சரிதான். அப்பாவின் அக்கா முறைக்கு அத்தைதான். அந்த வார்த்தையை அவன் வாயில் அவள் கேட்டதே இல்லை. அவளாகக் கேட்டு வாங்கியதுதான், இருந்தாலும் கன்னத்தில் அறை வாங்கியது மாதிரி இருந்தது.

"கோவமா?" என்று கேட்டாள்.

"இல்ல. எப்படிச் சொல்றது... சின்ன வயசுல நான் ஒரு கல்லை எறிஞ்சாக்கூட அவர் எறிஞ்சதா இருக்கும். எனக்குன்னு ஒரு தப்பு பண்ண விட்டதில்ல நீங்க யாரும். இன்னிக்கு முதல் தடவையா எனக்குத் திட்டு விழுந்திருக்கு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஒண்ணு சொல்லணும். சொல்லாமப் போனா நான் மனுஷன் இல்ல."

"சொல்லு."

"நகராட்சியில செவ்வாய்க்கிழமையே வாக்கெடுத்தாச்சு. கட்சி முழுக்க ஆமான்னு போட்டுச்சு. நானும் கை தூக்கினேன். நீங்க எழுதிக் குடுத்தது கோப்புல இருக்கும், அவ்வளவுதான். அடுத்த கோடையில எஞ்சினை நிறுத்திடுவாங்க."

அவள் அப்பாவையும் இப்படித்தான் கூப்பிட்டு உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

"அப்ப எதுக்கு வந்தே?"

"நீ சரிண்ணேன்னு சொன்னா..." அவன் நிறுத்தினான். "நீங்க சரின்னு சொன்னா, அவர் சரின்னு சொன்ன மாதிரி இருக்கும்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல அத்தை."

அவனும் நம்பித்தான் இருந்திருக்கிறான், மடையன். அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. ஊரையும் காப்பாற்றவில்லை, அண்ணனையும் கையைவிட்டாள். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நகரத்து மாடி வீட்டிலாவது தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு ஒருத்தன் வந்திருப்பான். அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுத்தாள்.

"காத்து மாறுது" என்றாள். "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஓட்டோவும் அகாத்தேவும் கரைவரை கூடப் போனார்கள். தபீதா வாசற்படியில் நின்று பார்த்தாள். சிவப்புப் படகு பனிப்பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்பத்தேழு அக்டோபரில் அண்ணனைக் கொண்டுவந்து வைத்தபோது அவள் அழவில்லை. அகாத்தே முழுகாமல் இருக்கிறாள், அழாதே, வருகிறவனை அழுது விரட்டாதே என்று அம்மா அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். அடக்கம் முடிந்து கல் அடுக்கியபோதும் அழவில்லை, இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடுவானே என்று குழந்தைக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். இப்போது படகு மறைந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். செவெரின், செவெரின் என்று பெயரைச் சொல்லிச் சொல்லி, செத்தது நேற்றுத்தான் என்பதுபோல வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு நிக்கோலினா கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தாள். படியில் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதக்கா" என்றாள். "நகரத்துல வீடு நல்லாத்தான் இருக்கும். வெந்நீர் குழாயிலயே வரும்."